பன்னீர் படாமல் போன முதல் ஆள்

போன வியாழக்கிழமை உன் தம்பி வந்தான். பருத்திச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் காலுக்கிடையில் நிறுத்தி, திருவேங்கடத்திலிருந்து உன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். நாம் சோதனைக்கென்றே வைத்திருந்தோமே, அந்தக் கறுப்புப் பெட்டி. சாக்கைப் பிரித்ததும் பருத்திக்கொட்டை வாசனையும், சூட்டில் காய்ந்த தூசியின் வாசனையும் சேர்ந்து அடித்தது. மேல்மூடியில் நீ ஒட்டிய மஞ்சள் காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. "தொடாதே. ஓடுது." வீடு பெருக்கும்போது யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று ஒட்டியது. இப்போது அது ஓடவில்லை. ஆனாலும் நான் கொஞ்ச நேரம் தொடாமல்தான் நின்றேன்.

"எடைக்குப் போட மனசு வரலக்கா. இது ஒங்களுக்குள்ளதுன்னு அவ சொல்லிட்டே இருப்பா" என்றான். டீ குடித்தான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். அதைப் பிறகு சொல்கிறேன். நேராக அங்கே போக எனக்குக் கால் வரவில்லை.

அதற்கு முன்னால் அவன் ஒரு கேள்வி கேட்டான். "நீங்க ரெண்டு பேரும் அப்படி எதுக்குக்கா சண்ட போட்டீங்க?" அவனுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். உனக்கே பாடம் எடுக்கிறாளே என்று சிரிக்காதே. நான் சொன்னதில் தப்பிருந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பழைய பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேலைகள், ஃபங்ஷன் என்று பெயர், ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டபடியே இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். எங்கே கோளாறு என்று பார்க்க, ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஓர் ஆளை நிறுத்தி, யார் எப்போது உள்ளே போனார்கள் என்று பதிந்துகொள்வோம். அதற்கு ட்ரேசர் என்று பெயர். நமக்கு அது பன்னீர்க்காரி. அந்தப் பெயரை வைத்தது நீதான். பெங்களூரில் முதல் வருடம், ட்ரேசருக்குள்ளேயே ஒரு வரி எழுதிப் பார்த்து மெஷினை மொத்தமாக உறைய வைத்தோமே, அன்றைக்கு. மேனேஜர் எரிச்சலோடு என்ன ஆயிற்று என்று கேட்க, நீ அசராமல் ஒரு கல்யாண வீட்டைக் கட்டி எழுப்பினாய்.

கல்யாண வாசலில் ஒருத்தி நின்று, உள்ளே போகிற எல்லாருக்கும் பன்னீர் தெளிக்கிறாள். செம்பு காலியானால் நிரப்ப அவளும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். வாசலைத் தாண்டுகிற எல்லாருக்கும் தெளிக்கவேண்டும் என்பது உத்தரவு. ஆகவே தனக்கும் தெளிக்கிறாள், செம்பு காலியாகிறது, நிரப்பப் போகிறாள், மறுபடி தனக்குத் தெளிக்கிறாள். பந்தி முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அவள் நனைந்துகொண்டே நிற்கிறாள். மெஷின் உறைந்தது அப்படித்தான். ட்ரேசர் தன் வேலைக்குக் கூப்பிட்ட ஃபங்ஷனையும் தானே பதிந்து, அந்தப் பதிவுக்குக் கூப்பிட்டதையும் பதிந்து, முடிவே இல்லாமல் தனக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதனால்தான் அவள் கையில் ஒரு கர்சீஃப் கட்டிவிடுவார்கள் என்றாய். கர்சீஃப் கட்டியிருக்கும்வரை வாசலைத் தாண்டுவது தான்தான் என்று அவள் புரிந்துகொண்டு தெளிக்காமல் விடவேண்டும். மேனேஜருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த ஆபீசில், தனக்குள்ளேயே சுழல்வதைத் தடுக்கும் அந்த ஏற்பாட்டை ரிகர்ஷன் பாதுகாப்பு என்று யாரும் சொன்னதில்லை, கர்சீஃப் என்றுதான் சொன்னார்கள்.

ஊரடங்கில் இருவரும் ஊருக்கு வந்து, பிறகு திரும்பிப் போகவே இல்லை. காற்றடித்தால் உனக்கு நெட் லைன் போகும். எனக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி, மீட்டிங்கில் வாயைத் திறந்தால் என் குரலுக்கு முன்னால் தறிதான் பேசும். "ஒங்க வீட்டுத் தறி நல்லா இங்கிலீஷ் பேசுது" என்பாய். நமக்கு வாய்த்த வேலையும் தறி சம்பந்தப்பட்டதாகவே இருந்தது. எங்கோ ஒரு பெரிய மில்லில் ஓடுகிற தானியங்கித் தறிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி. எப்போதாவது ஒரு தடவை ஒரு கண் சிமிட்டும் நேரம் பெட்டி திகைத்து நிற்கும். துணியில் ஒரு கோடு விழும். ஏன் என்று கண்டுபிடிக்க நீ ட்ரேசரை ஓட விட்டாய்.

சித்திரை வெயிலில் டவுன் பஸ் பிடித்து என் வீட்டு மாடிக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, லேப்டாப்பைத் திறந்தாய்.

"ஏட்டி, இங்கன பாரு. இந்த ஃபங்ஷன யாரு கூப்பிட்டாங்கன்னு பேரு இருக்கு. ஆனா அந்தப் பேருக்காரன் வாசல்ல நொழஞ்ச வரியக் காணும். கூப்பிட்டவன் வராமயே எப்படிட்டி கூப்பிடுவான்?"

"கர்சீஃப் கட்டியிருந்த நேரத்துல வந்திருப்பான். அதான் விட்டிருக்கு. அது வேலயத்தான் அது பாக்குது."

"அது நாமளா இருந்தால்லா விடணும்? இது மாப்ள வீட்டு ஆளுட்டி."

மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றால் இன்டரப்ட். கம்ப்யூட்டர் ஒரு வேலையில் இருக்கும்போது, அதை அப்படியே நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே நுழைகிற வேறு வேலை. அதற்கென்று பன்னீர்க்காரி தனி கர்சீஃப் வைத்திருக்கிறாள், இரண்டும் குழம்பக்கூடாது என்று. நான் அதைத்தான் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உள்ளே வந்து, "நாங்க மாப்ள வீடு" என்று சொன்ன பிறகுதானே அவளுக்குத் தெரியும்? சொல்லுவதற்கு முன்னாலேயே முதல் ஆள் வாசலைத் தாண்டிவிட்டால்? அந்த நேரம் பார்த்து அவள் கையில் பழைய கர்சீஃப் கட்டியிருந்தால்? தான்தான் மறுபடி போகிறோம் என்று நினைத்து அவரை விட்டுவிடுவாள். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒழுங்காகத் தெளிப்பாள். முதல் ஆள் மட்டும் பன்னீர் படாமல் உள்ளே போய்விடுவார். நம் பக்கத்தில் அதற்கு ஒரு கல்யாணமே நின்றுபோகும்.

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. இதைத்தான் நான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. புரியாமல் மறுத்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வலிக்காது. புரிந்தது, ஆனால் மென்பொருள் வெளியீட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. கர்சீஃப் விஷயத்தில் கை வைத்தால் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து ஓட்டவேண்டும். அந்தப் பகுதிக்குக் கடைசி ஒப்புதல் என்னுடையது. அந்த மிதப்பும் இருந்தது.

நான் செய்தது என்ன? காணாமல் போன அந்த ஃபங்ஷனின் தலையில் "இதைப் பதியவேண்டாம்" என்று ஒரு குறி போட்டேன். அவ்வளவுதான். இனி அது எப்போதுமே பட்டியலில் வராது, ஆகவே எப்போதாவது வரவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. நம் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய அயோக்கியத்தனம் இது. வெளியே இருக்கிறவனுக்குப் பொய் சொல்லத்தான் தெரியும். நாங்கள் கேள்வியையே எடுத்துவிடுவோம்.

"வாயப் பொத்திட்டா நோவு போயிருமாட்டி?" என்றாய்.

"வெளியீடு முடியட்டும். பொறவு பாப்போம்."

"நீ பாக்க மாட்ட."

சாப்பிடாமல் போனாய். அதிலும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது, புளிக்குழம்பு வீணாகிவிட்டதென்று.

அதன் பிறகு நீ விடவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை போன் வரும். "ஏட்டி, அந்த முதல் ஆள்..." என்று ஆரம்பிப்பாய். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சலிப்பு, பிறகு உன் பெயரைத் திரையில் பார்த்தாலே எரிச்சல். ஆபீஸ் குழுவில் உன் செய்திகளுக்குச் சத்தம் வராமல் செய்து வைத்தேன். "ஒனக்கு எப்பவும் ஒரே பாட்டு" என்று ஒரு நாள் சொல்லியும்விட்டேன். "பாட்டு ஒன்னுதான், கேக்கவ ஒழுங்காக் கேட்டா நிறுத்திருவேன்" என்றாய். போனை வைத்துவிட்டேன்.

எங்கள் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு மத்தியானம். ஊர் முழுக்கக் கூட்டம், தெருவில் நடக்க இடமில்லை, வீடு நிறைய விருந்தாள். தறிகள் நின்றிருந்தன, அதற்குப் பதிலாக மேளம். மாடியில் உட்கார்ந்து, மறுநாள் அனுப்பவேண்டிய எதையோ திருத்திக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய்.

"ஏட்டி, அந்த முதல் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்."

"இன்னைக்குமா? தபசு அன்னைக்குமாட்டி இதே பேச்சு?"

"இல்ல, அது வந்து... சரி. நீ வீட்லதான இருக்க?"

"வீட்லதான் இருக்கேன். வீடு நெறய ஆளு. நாளைக்குப் பேசு."

வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடி மணி அடித்தது. மறுபடி உன் பெயர். இப்போதுதானே பேசினோம், அதே பாட்டுத்தான் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அது அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை நீ கூப்பிடவில்லை. அப்பாடா என்றுகூட நினைத்தேன்.

நீ மருத்துவ விடுப்பில் இருக்கிறாய் என்று மூன்று வாரம் கழித்து ஆபீஸ் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து ஊர்க்காரிக்கு, பெங்களூர் ஆபீஸ் சொல்லித் தெரிந்தது. ஓடிவந்தேன். வயிற்றில் கட்டி, முற்றிய பிறகுதான் தெரிந்தது, வைத்தியம் தொடங்கியிருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கறிவேப்பிலைத் துவையலில் உப்பு இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். "ஏன்டீ எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லுதுக்கு நேரம் அமையல" என்றாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த இரண்டாவது அழைப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

ஐந்தாறு தடவை வந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது கேட்பாய், "அந்தக் குறிய எடுத்திட்டியா?" ஒவ்வொரு தடவையும் நான், "எடுத்திருதேன், நீ மொதல்ல எந்திரிச்சு வா" என்பேன். கடைசித் தடவை நீ கேட்கவில்லை. கேட்க முடியவில்லையா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாயா என்று தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவ நனஞ்சா செத்தா போயிருவோம்?" என்றாய். மருந்து மயக்கத்தில் ஏதோ பேசுகிறாய் என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டேன். மார்கழியில் நீ போய்விட்டாய். அந்தக் குறி இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி உன் தம்பி செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னதைச் சொல்லவேண்டும்.

"தபசு அன்னைக்குத்தான்க்கா திருநெல்வேலில ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. தனியாப் போயிட்டு வந்தா. ஒங்க வீட்டுக்கு வரணும்னுட்டு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுலயே எறங்கி நின்னிருக்கா. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு. ரெண்டாந்தடவ எடுக்கலைன்னதும், 'அவ வீட்டுக்கு விருந்தாளு வந்திருக்கும்லே, தொந்தரவு பண்ணக் கூடாது'ன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே வீட்டுக்கு வந்து சேந்தா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நீ எனக்காகப் பரிந்து பேசினாய் என்று சொல்லி என்னைத் தேற்றத்தான் சொன்னான். வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. தபசுக் கூட்டத்தில் இருபது நிமிஷம். கையில் அந்த ரிப்போர்ட் கவரை வைத்துக்கொண்டு, அந்த மேளத்தில், அந்த நெரிசலில் நீ நின்றிருக்கிறாய். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நமக்குள் பழகிய பேச்சையே முன்னால் அனுப்பியிருக்கிறாய். நான் அதையே அறுத்துவிட்டேன். "இல்ல, அது வந்து" என்று நீ இழுத்தாயே, அது என் காதில் இன்றைக்குத்தான் விழுகிறது. இரண்டாவதாக வந்தது பழைய பாட்டு இல்லை. உன் வாழ்க்கையின் ஆகப் பெரிய செய்தி. நான் அதை மறுபடியும் அதுதான் என்று நினைத்து உள்ளே விடவில்லை. இப்படி எழுதும்போதே, "கெர்னலையும் மனுசனையும் போட்டுக் கொழப்பாதட்டி" என்று நீ சொல்வது கேட்கிறது. குழப்பவில்லை. இரண்டிலும் தப்பு செய்தவள் ஒருத்திதான் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தேன். நாலைந்து தடவை இருமிவிட்டு எழுந்தது. உள்ளே என் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். அதில் ஒரே ஒரு பேட்ச், கோளாறைத் திருத்த ஒட்டும் துண்டு. பதினைந்து வரிகூட இல்லை. அதன் மேல் நீ இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வைத்திருந்தாய்: "சந்தேகம் வந்தா ஒரு தடவ தெளிச்சிரு. மறுபடியும் அதே சந்தேகம் வந்தா மட்டும் நிறுத்து. நாமளாவே இருந்தாலும் ஒரு தடவ நனஞ்சா செத்தா போயிருவோம்?" திரை மங்கிப்போய், முகத்தைக் கழுவிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

அவ்வளவு எளிது. அதே ஆள்தான் மறுபடி வருகிறான் என்று தோன்றினாலும் முதல் தடவை நம்பித் தெளித்துவிடு. மாப்பிள்ளை வீட்டு ஆளாக இருந்தால் மரியாதை கெடாமல் இருக்கும். தானாகவே இருந்தால் கூடுதலாக ஒரு கை பன்னீர், அதற்கு மேல் நஷ்டம் இல்லை. திரும்பத் திரும்ப வந்தால்தான் அது முடிவில்லாத சுழல். இதைத்தான் கட்டிலில் என்னிடம் சொல்லியிருக்கிறாய். நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

என் குறியை எடுத்தேன். உன் பதினைந்து வரியைப் போட்டேன். மில் தறியின் வேலையைப் பெட்டியில் சோதனையாக ஓட விட்டுவிட்டு, மஞ்சள் காகிதம் சொன்னபடி தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் அந்த முதல் ஆள் பட்டியலில் வந்து நின்றான். தறி திகைத்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவன்தான் வாசலில் யாருக்காகவோ காத்துக்கிடந்திருக்கிறான். நான் வாயைப் பொத்திய அதே ஃபங்ஷன்தான் நோவு. ஒரு வருஷமாக அந்த மில்லில் விழுந்த கோடுகளெல்லாம் என் கையெழுத்து.

திங்கட்கிழமை பேட்சை அனுப்பினேன். எழுதியவர் இடத்தில் உன் பெயர். கீழே விளக்கத்தில், முன்பு இங்கே இருந்த குறி என்னுடையது, தவறு என்று தெரிந்தே போட்டேன், இவள் அப்போதே சொன்னாள் என்று எழுதினேன். தெரிந்தே என்ற வார்த்தையை எடுத்துவிடலாமே என்று மேனேஜர் பதமாகச் சொன்னார். எடுக்கவில்லை. எழுதியவருக்கும் மெயிலில் ஒரு பிரதி தானாகவே போகும், தெரியுமே உனக்கு. அரை நிமிஷத்தில் அது திரும்பி வந்துவிட்டது. இந்த முகவரியில் யாரும் இல்லை என்று. எனக்குத் தெரியாதா என்ன? இருந்தும் மறுபடி ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன். அதுவும் திரும்பி வந்தது. அதன் பிறகு நிறுத்திக்கொண்டேன்.

பெட்டி என் மேஜைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை எதுவும் கொடுக்கவில்லை, சும்மாதான் ஓடுகிறது. பெருக்க வருகிறவளிடம் காகிதத்தைக் காட்டி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் பாதிப் பேச்சில் வெடுக்கென்று போனை வைக்கிறேன். ஆனால் வைத்த கையோடு அதே பெயரில் மறுபடி மணி அடித்தால் எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கேஸ் சிலிண்டர்காரர் தெருவை மறுபடி கேட்பார். சித்தி சொல்ல மறந்த ஊறுகாய் பக்குவத்தைச் சொல்வாள். நேற்று உன் தம்பி. வயல் வேலையாய் இருக்கிறேன் என்று அவன் சொன்னதும் நானே வைத்தேன், உடனே திரும்பக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஒன்னுமில்லக்கா. பொட்டி ஓடுதான்னு கேக்க மறந்துட்டேன்."

"ஓடுதுப்பா" என்றேன். "நீ சொல்லு, வேற என்ன? நான் வீட்லதான் இருக்கேன்."